முழங்காலைக் கணினிக்குள் கொண்டுவர யாரோடு கூட்டுச் சேர்வது?

"தரையில உட்காரலாமா டாக்டர்?"

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து பரிசோதனைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான் என்கிறார் எங்களோடு வேலை செய்யும் எலும்பு மருத்துவர். வலி, நடை எல்லாம் அப்புறம். பேத்தியின் காதுகுத்துக்கு மணையில் உட்கார வேண்டும், பந்தியில் உட்கார வேண்டும், பூஜை அறையில் உட்கார வேண்டும். "முடிஞ்சவரைக்கும் தவிர்த்துடுங்க" என்று சொல்லி அனுப்புகிறார். அந்தப் பதிலில் அவருக்கே திருப்தி இல்லை. கால் மடங்கும்போது மூட்டுக்குள் எவ்வளவு விசை விழுகிறது என்று தெரிந்தால் கொஞ்சம் துணிந்து சொல்லலாம். உள்ளே அளவி வைக்காமல் அதை நேரடியாக அளக்க வழியில்லை. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும், கணக்குப் போட எலும்பும் தசையும் மூட்டும் கொண்ட ஒரு கணினி மாதிரி (மாடல்) வேண்டும்.

அப்படியொரு மாதிரியை அடியிலிருந்து நாமே கட்டுவது எங்களைப் போன்ற சின்ன ஆய்வகத்துக்கு ஆகிற காரியமில்லை. எட்டு கேமரா, தரையில் பதித்த இரண்டு ஃபோர்ஸ் பிளேட் (மிதிக்கும் விசையை அளக்கும் தகடு), ஒரு பிசியோதெரபிஸ்ட், இரண்டு பொறியாளர்கள், ஓர் ஆய்வு மாணவி. அவ்வளவுதான் படை. உலகில் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஏற்கெனவே கட்டி வைத்திருக்கும் மென்பொருள் வீடுகளில் ஒன்றில் குடியேறுவதுதான் வழி. எந்த வீடு என்பதுதான் மூன்று வாரமாக எங்களுக்குள் ஓடிய விவாதம். "சார், லைசென்ஸ் வாங்கிடலாமா, இல்ல ஓசில கிடைக்கறத வெச்சே ஓட்டிடலாமா?" என்று மாணவி கேட்டதில் தொடங்கியது. பணக் கேள்வியாகத் தொடங்கியது வேறு எங்கோ போய் நின்றது.

வீடுகளைப் பார்ப்பதற்கு முன், கணக்கில் எங்கே சிக்கல் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேரின் எடை தெரியும், எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்பதையும் அளந்துவிடலாம். ஆக, மொத்தம் எவ்வளவு இழுவிசை என்று கணக்கிட்டுவிடலாம். ஆனால் வடம் பிடித்த நூறு பேரில் யார் உயிரைக் கொடுத்து இழுத்தார், யார் கையை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தார் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. மூட்டும் அப்படித்தான். முழங்காலைக் கடந்து போகும் தசைகள் ஒரு டஜனுக்குக் குறையாது. மூட்டைத் திருப்பும் மொத்த விசை கேமராவிலிருந்தும் ஃபோர்ஸ் பிளேட்டிலிருந்தும் கிடைத்துவிடும். அதை எந்தத் தசைக்கு எவ்வளவு என்று பிரிப்பது ஊகம். வேலையை எல்லோரும் கூடியவரை சமமாகப் பங்கு போட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு கணினி பிரிக்கிறது. தசைகளின் தூண்டல் அளவை வர்க்கப்படுத்திக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி பார்க்கிறது.

தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களும் உண்டு இல்லையா? உடலிலும் உண்டு. அறுவை சிகிச்சை முடிந்தவர் பயந்து பயந்து காலை வைக்கும்போது முன்தொடை, பின்தொடை இரண்டையும் ஒன்றாக இறுக்கிக்கொள்கிறார். வெளியே தெரியும் அசைவு ஏதும் கூடுவதில்லை, மூட்டுக்குள் நசுக்கு மட்டும் கூடுகிறது. சமப்பங்கு ஊகத்துக்கு இது கண்ணில் படாது. சாதாரண நடையிலேயே இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விசை விழுகிறது என்று பெர்லினின் பெர்க்மன் குழு, அளவி பொருத்திய செயற்கை மூட்டுகளை வைத்து 2001இல் காட்டியது. அந்த விசையில் பெரும்பகுதி தசைகள் இழுப்பதால் வருவது. தசைப் பங்கீடு தப்பினால் மூட்டு விசையும் தப்பும்.

இன்னொரு சிக்கல், மாதிரிக்குள் இருப்பது யாருடைய உடல் என்பது. ஒவ்வொரு தசைக்கும் நான்கு எண்கள் வேண்டும்: அதிகபட்சம் எவ்வளவு இழுக்கும், நார் எந்த நீளத்தில் நன்றாக இழுக்கும், தசைநாண் தொய்வாக இருக்கையில் எவ்வளவு நீளம், நார்கள் எவ்வளவு சாய்ந்து ஒட்டியிருக்கின்றன. இவற்றை உயிரோடு இருப்பவரிடம் அளப்பது கடினம். சடலங்களை அறுத்து அளந்தார்கள். எந்த மாதிரியை எடுத்தாலும் உள்ளே யாரோ ஒரு முதியவரின் காலோ பலருடைய கால்களின் கலவையோ இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்ட் வீடு: ஓப்பன்சிம்

ஸ்காட் டெல்ப் 1990இல் வெளியிட்ட கால் மாதிரியிலிருந்து இந்தக் குடும்பம் தொடங்குகிறது. அறுவை சிகிச்சையில் தசை ஒட்டும் இடத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று திரையில் பார்ப்பதற்காகச் செய்தது. அது பிறகு சிம் என்ற வணிக மென்பொருளாக வளர்ந்தது (போனில் போடும் சிம் அல்ல). 2007இல் அதே வழியில் ஓப்பன்சிம் வந்தது, இலவசமாக, மூலநிரலையும் திறந்து காட்டியபடி. அப்பாச்சி உரிமம், எடுத்து மாற்றலாம், விற்கும் பொருளில்கூட வைக்கலாம். மாதிரிகளுக்கு மட்டும் தனித்தனி உரிமம் உண்டு, எடுக்கும் முன் படித்துப் பார்க்க வேண்டும்.

அதன் பழைய நடை மாதிரியில் 23 அசைவுக் கோணங்களும் 92 தசை அலகுகளும் உண்டு. 2016இல் வந்த ராஜகோபால் மாதிரி இப்போது பலரும் தொடங்கும் இடம். அதன் தசை எண்கள் 21 சடலங்களிலிருந்தும், எம்.ஆர்.ஐ. எடுத்த 24 இளைஞர்களிடமிருந்தும் வந்தவை. கூட்டாஞ்சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒருவருடைய காலும் அல்ல, ஆனால் எவருக்கும் ரொம்ப அந்நியமும் அல்ல.

இந்த வீட்டின் பலம் அமெரிக்காவில் மட்டும் இல்லை என்பது எனக்குப் பிடித்தது. தசையின் மின் சமிக்ஞையைக் கணக்கில் சேர்த்து முட்டுக்கட்டைக்காரர்களைப் பிடிக்கும் சீன்ம்ஸ் என்ற கருவி ஆஸ்திரேலியாவின் கிரிஃபித், இத்தாலியின் பதுவா ஆய்வாளர்கள் சேர்ந்து செய்தது. மாதிரியைச் சுட்டியால் இழுத்துக் கட்ட உதவும் ஓப்பன்சிம் கிரியேட்டர் நெதர்லாந்தின் டெல்ஃப்டிலிருந்து வருகிறது. இரண்டு ஐபோன் இருந்தாலே அசைவை எடுத்துவிடும் ஓப்பன்கேப் உண்டு. மார்க்கர் (கேமரா பின்தொடர்வதற்காக உடலில் ஒட்டும் குறி) தரவைக் கொடுத்தால் மாதிரியை ஆளுக்குத் தக்கபடி தானே அளவுபடுத்தும் ஆட்பயோமெக்கானிக்ஸ் உண்டு. அதன் வழியாகச் சேர்த்து வெளியிட்ட பொதுத் தரவுத்தொகுப்பில் 273 பேரின் அசைவு 70 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. ஒருவர் கட்டிய அறையில் இன்னொருவர் ஜன்னல் வைக்கிறார்.

சரி, ஓசி என்றால் செலவே இல்லையா? நேரமாகப் போகிறது. என் கதையையே சொல்கிறேன். முதல் மாதிரியை ஓர் ஆளின் உயரத்துக்கு அளவுபடுத்தியபோது மார்க்கர் பிழையை எப்படியாவது குறைத்துக் காட்டிவிட வேண்டும் என்ற வெறியில், திரையில் மாதிரியின் மார்க்கர்களை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று நகர்த்திக்கொண்டே போனேன். 2 சென்டிமீட்டருக்குள் வந்தால் போதும் என்பது வழக்கு. எனக்கு 1 சென்டிமீட்டருக்கும் கீழே வந்துவிட்டது. பெருமையாக இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பக்கவாட்டிலிருந்து பார்த்த பிசியோ மேடம், "இவர் ஏன் சார் நாட்டியக்காரி மாதிரி இடுப்பை வளைச்சுக்கிட்டு நிக்கறார்?" என்றார். இடுப்பெலும்பையே முன்னால் 15 பாகை சாய்த்து வைத்திருந்தேன். பிழை எண் அழகாக இருந்தது, மனிதர் கோணலாக இருந்தார். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. தரவும் செய்யாது.

டென்மார்க் வீடு: எனிபாடி

ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் முளைத்து நிறுவனமானது. பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். ஆனால் இதை "திறந்தது, மூடியது" என்று இரண்டாகப் பிரித்துவிட முடியாது. உள்ளே ஓடும் இயந்திரம் மூடியது. அதற்குள் போடும் மாதிரிகளின் தொகுப்பு இணையத்தில் திறந்தே கிடக்கிறது. எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது என்று வரிவரியாகப் படிக்கலாம். ஓட்டிப் பார்க்கத்தான் சாவி வேண்டும்.

இங்கே இருக்கும் கால் நெதர்லாந்தின் ட்வென்டே, நைமேகன் குழுக்களின் உழைப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் டெலெம்சேஃப் திட்டத்தில் புதுப்பித்து 2015இல் வெளியிட்டார்கள். இது கூட்டாஞ்சோறு இல்லை, ஒரே வீட்டுச் சமையல்: எலும்பின் வடிவம், தசை ஒட்டும் புள்ளி, நார் நீளம் எல்லாம் ஒரே சடலத்திலிருந்து. ஒன்றோடொன்று முரண்படாது. அதே காரணத்தால் அந்த ஒருவரின் தனி விசேஷங்களும் கூடவே வந்துவிடும். இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், ஒரு நோயாளியின் எம்.ஆர்.ஐ. இருந்து அதற்கேற்ப உருமாற்றப் போகிறீர்கள் என்றால் ஒரே உடல். வெறும் உயரத்தையும் எடையையும் வைத்து அளவுபடுத்தப் போகிறீர்கள் என்றால் கூட்டாஞ்சோறு.

முதுகெலும்பு, தோள், முழு உடல், கார் இருக்கை, தொழிற்சாலையில் மூட்டை தூக்குவது என்று வந்தால் எனிபாடியின் முழு உடல் மாதிரி ஒருபடி மேலே நிற்கிறது என்பது என் எண்ணம். எங்களை உண்மையிலேயே சபலப்படுத்திய விஷயம் வேறு. ஃபோர்ஸ் பிளேட் இல்லாமலே உடலுக்கும் தரைக்கும் இடையிலான விசையை அசைவிலிருந்து கணிக்கும் முறையை இந்த வட்டாரத்தில்தான் வளர்த்தார்கள். தரையில் உட்கார்ந்து எழுகிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஒரு கால் ஒரு பிளேட்டில், இன்னொரு கால் இன்னொன்றில், சரி. பின்புறம் எங்கே? ஊன்றி எழும் கை எங்கே? எங்களிடம் இருப்பது இரண்டே பிளேட். மூன்றாவது, நாலாவது தொடுபுள்ளியைக் கணக்கால் நிரப்ப முடியும் என்பது சின்ன விஷயமில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஒரு கணக்கு. உரிமம் ஆய்வகத்தில் இருக்கும், மாணவி மூன்று வருடத்தில் போய்விடுவாள். இன்னொரு ஊரில் வேலைக்குச் சேர்ந்ததும் தன் சொந்த ஆய்வின் கோப்பைத் திறக்கக்கூட அவளால் முடியாமல் போகலாம். ஒருமுறை வேறொரு மென்பொருளில் இது எங்களுக்கு நடந்திருக்கிறது. புதுப்பிக்க நிதி வராத அந்த வருடம், நாலு வருட வேலை கணினியில் பத்திரமாக இருந்தது, பார்க்கத்தான் முடியவில்லை.

மூஜோகோவும் மையோசூட்டும்

இளைஞர்களின் மனம் போகும் இடம் இது. மூஜோகோ ரோபோ ஆய்வுக்காக எமோ டோடோரோவ் செய்த இயற்பியல் இயந்திரம். கூகுள் குடும்பத்தின் டீப்மைண்ட் அதை 2021இல் வாங்கி, 2022இல் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதன் மேல் மெட்டாவின் ஆய்வாளர்களும் ட்வென்டே உள்ளிட்ட பல்கலைக்கழகத்தவரும் சேர்ந்து கட்டியது மையோசூட். 39 தசை அலகுகள் கொண்ட கை ஒன்று பந்துகளை உருட்டக் கற்றுக்கொள்வதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆண்டுதோறும் போட்டி வேறு வைக்கிறார்கள்.

வேகம்தான் இதன் உயிர். இதற்கு முன் ஓப்பன்சிம்மை வைத்து 2017இலிருந்து மூன்று ஆண்டுகள் மாதிரிக்கு ஓடவும் நடக்கவும் கற்பிக்கும் போட்டி நடந்தபோது, கற்றல் நிரலைவிட உடலின் கணக்கே நேரத்தைத் தின்றது. மூஜோகோவில் அந்தத் தொல்லை இல்லை. எப்படி வேகம் வந்தது? தசைநாண் நீளாது என்று வைத்துக்கொண்டார்கள், நார்களின் சாய்வையும் விட்டுவிட்டார்கள். குதிகால் நாண் ஸ்பிரிங் போல நீண்டு சுருங்குவதைத்தான் நீங்கள் ஆராய்கிறீர்கள் என்றால் இது உதவாது. செயற்கைக் காலையோ உடலின் மேல் மாட்டிக்கொள்ளும் புறச்சட்டத்தையோ எப்படி இயக்குவது என்று கற்றுத்தர வேண்டும் என்றால் இதைவிட நல்ல இடம் இல்லை. எங்கள் கேள்வி "மூட்டுக்குள் எவ்வளவு?" என்பது. மாணவிக்கு முகம் வாடியது. ஓப்பன்சிம் மாதிரியை மூஜோகோவுக்கு மாற்றும் கருவி இருக்கிறது, பின்னால் போகலாம் என்று சொல்லிவைத்தேன்.

நான்காவதாக ஒரு வழியும் பேச்சில் வந்தது: வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு முறைப்படி ஒப்பந்தம் போட்டு, திட்டத்தில் பங்காளியாகச் சேர்வது. ஐரோப்பாவில் இந்தத் துறையின் பல நல்ல தரவுகள் இப்படி வந்தவைதான். இத்தாலியின் பொலோன்யாவில் உள்ள ரிஸோலி எலும்பு மருத்துவ நிறுவனம் முன்னின்றது ஓர் உதாரணம். நமக்கோ வெளிநாட்டோடு சேர்ந்து செய்யும் மருத்துவ ஆய்வு என்றால் கல்லூரியின் நெறிமுறைக் குழு மட்டும் போதாது, சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக் குழுவரை போக வேண்டும். கையில் ஒரு முடிவும் இல்லாமல் போய் நின்றால் நம்மைத் தரவு சேகரிக்கும் ஆளாகத்தான் வைப்பார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளிவைத்தோம்.

விடையைச் சரிபார்ப்பது யார்?

இந்த இடத்தில்தான் விவாதம் திரும்பியது. மூன்று வீட்டிலும் எண் வரும். அழகான வண்ணப் படமும் வரும். சரியா என்று யார் சொல்வது?

முழங்காலுக்கு இதற்கொரு நல்ல ஏற்பாடு நடந்தது. அமெரிக்காவின் ஃப்ரெக்லி, டிலிமா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பெசியர், லாயிட், பாண்டி ஆகியோர் சேர்ந்து ஒரு சவால் போட்டி அறிவித்தார்கள். செயற்கை மூட்டுக்குள் விசை அளவி பொருத்திய ஒருவர் நடப்பார். அவருடைய அசைவு, தரைவிசை, தசை மின் சமிக்ஞை, சி.டி. படங்கள் எல்லாவற்றையும் உலகத்துக்கே கொடுத்துவிடுவார்கள். மூட்டுக்குள் அளவி காட்டிய எண்ணை மட்டும் உறையில் போட்டு வைத்திருப்பார்கள். கணிப்பை அனுப்பிய பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் வேறு தரவு. பரீட்சை முடிந்ததும் வினாத்தாளையும் விடையையும் பொதுவில் போட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் இன்று எடுத்து எழுதிப் பார்க்கலாம். முழங்காலின் உட்பக்கத்து விசை ஓரளவு பிடிபட்டது, வெளிப்பக்கத்து விசை பலருக்கும் தண்ணி காட்டியது. மேலே சொன்ன பெர்லின் குழு அளவி மூட்டுகளில் அளந்த ஆர்த்தோலோடு தரவும் பொதுவில் இருக்கிறது. சூரிச்சும் பெர்லினும் சேர்ந்து ஆறு பேரிடம் எடுத்த கேம்ஸ்-நீ தொகுப்பில் எக்ஸ்ரே காணொளியோடு மாடிப்படி, நாற்காலியிலிருந்து எழுதல், குந்துதல் எல்லாம் உண்டு.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொரு கூட்டு முயற்சி. கிளீவ்லாண்ட் கிளினிக்கின் அகமத் எர்டெமிர் முன்னின்று ஐந்து குழுக்களைச் சேர்த்தார், ஆக்லாந்துக் குழு உட்பட. ஐந்துக்கும் ஒரே தரவு. தனித்தனியாக மாதிரி கட்டச் சொன்னார்கள், எடுத்த ஒவ்வொரு முடிவையும் எழுதி வைக்கச் சொன்னார்கள். ஐந்தும் அனுபவசாலிக் குழுக்கள்தான். வந்தது ஐந்து வேறு முழங்கால்கள். எலும்புகளைப் பிணைக்கும் லிகமெண்டை ஒருவர் சில கம்பிகளாக வைத்தார், இன்னொருவர் கன உருவமாக வைத்தார். குருத்தெலும்பின் ஓரத்தை எங்கே நிறுத்துவது என்பதிலேயே ஆளுக்கு ஆள் மாறியது. ஒரே மாவில் ஐந்து வீட்டுத் தோசை. அந்த ஆய்வுக் கட்டுரைகள் தலைப்பிலேயே இதைக் 'கலை' என்று ஒத்துக்கொள்கின்றன.

இதைப் படித்த பிறகு எங்கள் கேள்வி மாறிவிட்டது. எது சிறந்த மென்பொருள் என்று கேட்பதை விட்டோம். நாம் எடுக்கும் முடிவுகளை வரிவரியாக இன்னொருவர் திறந்து பார்த்து, "இந்த இடத்தில் தப்பு" என்று சொல்ல எங்கே அதிகம் பேர் இருக்கிறார்கள் என்று பார்த்தோம். அப்படிப் பார்த்தால் ஓப்பன்சிம் முன்னால் நிற்கிறது. சவால் போட்டித் தரவு கிடப்பதும் அதே தளத்தில்தான். எது போதுமான மாதிரி என்று 2015இல் ஹிக்ஸும் சகாக்களும் எழுதிய வழிகாட்டியும் அங்கிருந்தே வந்தது. கணக்கில் மிஞ்சி நிற்கும் விசை வெளிவிசையில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற, கையில் பிடித்துக்கொள்ளத்தக்க அளவுகோல்கள் அதில் உண்டு.

நம்முடைய தரை

ஆனால் ஓப்பன்சிம்மின் நடை மாதிரிகளில் முழங்கால் மடங்கும் எல்லை 120 பாகை. நடக்க, ஓட, படியேற அது ஏராளம். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 30 இந்தியர்களிடம் அளந்த 2006 ஆய்வில், குதிகாலைத் தூக்கிக் குந்தும்போது முழங்கால் சராசரியாக 157 பாகை மடங்கியது. நாற்காலி நாட்டில் செய்த மாதிரிக்குத் தரை தெரியவில்லை. கோபப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

எல்லையை 120லிருந்து 157 என்று கோப்பில் மாற்றி எழுதினால் ஆகாதா? மாணவி எழுதிப் பார்த்தாள். கால் மடங்கியது. தொடையின் முன்தசை எலும்புக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. தசை எந்த வளைவின் மேல் சுற்றிப் போக வேண்டும் என்று சொல்லிவைத்த உருளைகள் அந்தக் கோணத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. 2017இல் லாயும் சகாக்களும், 2019இல் கேட்டெல்லியும் அவரோடு கனடா, பெல்ஜியம் ஆய்வாளர்களும் ராஜகோபால் மாதிரியைத் திருத்தி ஆழமான மடக்கலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மூலக் கோப்பு திறந்திருந்ததால்தான் அது முடிந்தது. நாங்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

அதோடு தீரவில்லை. முழுக்கக் குந்தும்போது பின்தொடை கெண்டைக்காலில் அழுந்துகிறது. உடலின் பாரத்தில் ஒரு பகுதி மூட்டைத் தொடாமல் சதை வழியாகவே இறங்கிவிடுகிறது. வழக்கமான கணக்கில் இந்தத் தாங்கல் கிடையாது. அதை விட்டுவிட்டால் மூட்டு விசை இருப்பதைவிட அதிகமாக வரும். மருத்துவர் அதைப் பார்த்து, உட்காரவே கூடாது என்று சொல்லிவிடுவார். தொடைக்கும் கெண்டைக்கும் நடுவே அழுத்தம் அளக்கும் மெல்லிய விரிப்பு வைத்து அளந்து, அந்த விசையைக் கணக்கில் கையால் சேர்க்க வேண்டும்.

அப்புறம் மார்க்கர். இடுப்பின் முன்பக்க எலும்பு முனையில் இரண்டு ஒட்டுவோம். கொஞ்சம் வயிறு போட்ட அம்மா ஒருவர் குந்தியதும் இரண்டும் வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவே காணாமல் போய்விட்டன. எட்டு கேமராவில் ஒன்றுக்கும் தெரியவில்லை. இடுப்பின் பின்பக்கம் ஒரு தகட்டில் மூன்று மார்க்கர் வைத்து, நிற்கும்போதே முன்முனைகளோடு அதன் உறவைப் பதிந்துகொண்டு சமாளிக்கிறோம். புடவையைக் கால்சட்டையாக மாற்றச் சம்மதிக்க வைப்பது தனிக் கதை.

ஆகவே எங்கள் தேர்வு இப்படி நின்றது. வேலை ஓப்பன்சிம்மில். சொந்தத் தரவைத் தொடும் முன் சவால் போட்டியின் ஒரு தரவை எடுத்து, விடையைப் பார்க்காமல் கணித்து, பிறகு ஒப்பிடுவது. அதில் தேறாமல் ஒரு நோயாளியின் எண்ணையும் மருத்துவரிடம் காட்டுவதில்லை. தரையிலிருந்து எழும் கட்டத்துக்கு மட்டும், உரிமம் வைத்திருக்கும் வேறொரு கல்லூரிக்கு மாணவியை அனுப்பி எனிபாடியில் ஓட்டிப் பார்ப்பது. உங்கள் கேள்வி முதுகுவலியோ தொழிற்சாலை வேலையோ என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள், எனிபாடிக்கே நிதி கேளுங்கள். ரோபோக் கால் என்றால் மையோசூட். தசை மின் சமிக்ஞை எடுக்கும் வசதி இருந்தால் முதல் நாளிலிருந்தே எடுத்து வையுங்கள். முட்டுக்கட்டையைப் பின்னால் தேட முடியாது.

ஓப்பன்கேப், ஆட்பயோமெக்கானிக்ஸ் இரண்டையும் இப்போது தொடவில்லை. அவற்றின் இணையச் சேவையைப் பயன்படுத்தத் தரவை வெளியே ஏற்ற வேண்டும். எங்கள் பழைய ஒப்புதல் படிவத்தில் "ஆய்வுக்குப் பயன்படுத்தப்படும்" என்று மட்டும்தான் இருக்கிறது. எந்த நாட்டுக்குப் போகும், யார் பார்ப்பார்கள் என்று ஒரு சொல் இல்லை. குந்தி உட்காரும் தரவைப் பொதுவில் வைத்தால் நாங்களும் வாங்கிக்கொள்கிறவர்களாக மட்டும் இல்லாமல் கொடுக்கிறவர்களாகவும் ஆவோம். அதற்குப் படிவத்தை மாற்றி, நெறிமுறைக் குழுவில் வைத்து வர வேண்டும்.

புதிய படிவத்தின் வரைவு புரிகிறதா என்று போன வாரம் ஒரு பாட்டிக்குப் படித்துக் காட்டினோம். முகமும் பெயரும் இல்லாமல் உங்கள் கால் அசைவின் அளவு வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கும் போகும் என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"ஏன், அவங்க ஊர்ல யாரும் தரையில உட்கார மாட்டாங்களா?"

"உட்கார்ந்தா நம்மள எதுக்கு பாட்டி கேக்கப் போறாங்க" என்றார் பிசியோ மேடம்.